அம்மாவின் கை, எக்ஸ்ரே, செயலி சொன்ன பதில்

வாசகர் கடிதம்: ஐயா, மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அம்மாவுக்கு 51 வயது. 24 வருடமாக அண்டி ஆபீஸில் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலை. நான்கு மாதமாக இரண்டு கையிலும் விரல் மொளிகள் வீங்கி வலிக்கின்றன. விடியற்காலையில் சாயா கிளாஸைக்கூடப் பிடிக்க முடியவில்லை. விரல் மடங்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நாகர்கோவிலில் ஒரு மருத்துவர் கையைப் பார்த்து, 12 மூட்டுகள் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சீட்டில் எழுதி, முடக்குவாதத்தின் தொடக்கம் என்று கூறி, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை கொடுத்திருக்கிறார். முடக்குவாதத்துக்காக ரத்தத்தில் பார்க்கும் ஆர்.எஃப். பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வந்தது. டெக்னோபார்க்கில் வேலை செய்யும் என் தம்பி எக்ஸ்ரேயைப் போனில் படம் எடுத்து ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுப் பார்த்தான். '92 சதவீதம் இயல்பு, மூட்டழற்சி அறிகுறி இல்லை' என்று அது சொல்லிவிட்டது. அது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னதிலிருந்து அம்மாவும் அதைத் தொடமாட்டேன் என்கிறார். நாங்கள் யாரை நம்புவது?

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தச் செயலி சொன்னதை வைத்து அம்மாவின் சிகிச்சையை நிறுத்த வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே இயல்பாக இருக்கிறது என்று செயலி சொன்னது சரியாகவே இருக்கலாம். முடக்குவாதம் தொடங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். இரண்டும் ஒரே கையைப் பற்றிய இரண்டு வெவ்வேறு செய்திகள். நான் ஒரு கதிரியக்க மருத்துவர். கை, கால் எக்ஸ்ரேக்களைப் படித்து அறிக்கை எழுதுவது என் அன்றாட வேலை. இயந்திரக் கற்றலால், அதாவது ஏராளமான படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் முறையால், இயங்கும் மென்பொருள்களை விருப்பத்தோடு கவனித்து வருகிறேன் என்பதால், உங்கள் தம்பி செய்ததைக் குறையாகச் சொல்லப் போவதில்லை. அம்மாவின் வலி பொறுக்காமல் கையில் இருந்த கருவியைக் கொண்டு விடை தேடியிருக்கிறார். ஆனால் அவர் தேடிய விடை அந்தப் படத்துக்குள் இருந்ததா என்பதை நாம் சேர்ந்து யோசிக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக் கடற்கரையில் வாழ்கிறவர்களுக்குக் கடலரிப்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அலை கரையை அரித்து, தென்னையின் வேர் வெளியே தெரிந்து, கடைசியில் வீட்டுச் சுவர் சரிந்த பிறகு எடுக்கும் புகைப்படத்தில் சேதம் தெளிவாகத் தெரியும். அலை சீறத் தொடங்கிய முதல் மாதத்தில் அதே கரையைப் படம் எடுத்தால் அங்கே நல்ல மணலும் நிமிர்ந்த தென்னையும்தான் இருக்கும். முடக்குவாதமும் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது. நோய் முதலில் மூட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் தொடங்குகிறது. அந்தச் சவ்வு வீங்கித் தடித்து, நீர் சுரந்து, மெதுவாகக் குருத்தெலும்பையும் அதன் ஓரத்து எலும்பையும் தின்னத் தொடங்குகிறது. எக்ஸ்ரே எலும்பை அழகாகக் காட்டும், சவ்வைக் காட்டாது. மூட்டைச் சுற்றிய சதை சற்றுப் பருத்திருப்பதும், மூட்டை ஒட்டிய எலும்பு கொஞ்சம் வெளிறியிருப்பதும் தொடக்கத்தில் தெரிந்தால் தெரியும், தெரியாமலும் போகும். எலும்பின் ஓரத்தில் எலி கடித்தது போன்ற சிறு பள்ளம், நாங்கள் எலும்பு அரிப்பு என்று எழுதுவது, பெரும்பாலும் பல மாதங்கள் கழித்தே வரும். அது வந்துவிட்டால் எலும்பு பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. ஆகவே நான்காம் மாதத்து எக்ஸ்ரே இயல்பாக இருப்பது, உங்கள் அம்மாவுக்கு நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. எலும்பு கெடுவதற்கு முன்பே சிகிச்சை கிடைத்திருக்கிறது என்று நாம் ஆறுதல் கொள்ளத்தக்க செய்தி அது.

இதை மருத்துவ உலகமே தன் விதிகளில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. முடக்குவாதத்தை வகைப்படுத்த 1987-ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் வகுத்த ஏழு அடையாளங்களில் எக்ஸ்ரே மாற்றமும் ஒன்றாக இருந்தது. 2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட புதிய அளவுகோலின் மதிப்பெண் பட்டியலில் எக்ஸ்ரே இல்லை. சேதம் வரும்வரை காத்திருக்காமல் நோயைப் பிடிக்க வேண்டும் என்பதே அந்த மாற்றத்தின் நோக்கம். அதில் மொத்தம் 10 மதிப்பெண். 6 வந்தால் முடக்குவாதம் என்று கொள்ளலாம். சிறு மூட்டுகளையும் உள்ளிட்டுப் பத்துக்கு மேற்பட்ட மூட்டுகளில் பாதிப்பு இருந்தால் 5, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் 1. உங்கள் அம்மாவின் சீட்டில் 12 மூட்டுகள், நான்கு மாதங்கள். ஆர்.எஃப். நெகட்டிவாக இருந்தும், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும், கணக்கு 6-ஐத் தொட்டுவிடுகிறது. சிக்குன்குன்யா போன்ற வேறு காரணங்களை விலக்கிய பிறகே இந்தக் கணக்கைப் போட வேண்டும். அதற்கும் கையைத் தொட்டுப் பார்க்கிற, காய்ச்சல் வந்ததா என்று கேட்கிற ஒரு மருத்துவர் வேண்டும்.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். எக்ஸ்ரேக்கும் கைக்கும் உள்ள உறவு பழையது. 1895 டிசம்பரில் ரோன்ட்கன் எடுத்த புகழ்பெற்ற முதல் படமே அவருடைய மனைவியின் கைதான். இயந்திரக் கற்றலும் கையைத் தன் பள்ளிக்கூடங்களில் ஒன்றாக்கிக்கொண்டது. 2017-ல் வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்கம் ஒரு போட்டி வைத்தது. குழந்தைகளின் 12,611 கை எக்ஸ்ரேக்களைப் பயிற்சிக்குக் கொடுத்து, எலும்பின் வயதைக் கணிக்கச் சொன்னார்கள். வென்ற மென்பொருளின் கணிப்பு, மருத்துவர்களின் கணிப்பிலிருந்து சராசரியாகச் சுமார் 4 மாதங்களே விலகியது. இது மிக நல்ல சாதனை. இது கைகூடியதற்குக் காரணம், கேட்ட கேள்விக்கான விடை முழுவதும் படத்துக்குள்ளேயே இருந்ததுதான். எலும்பின் வளர்முனை மூடியிருக்கிறதா, மணிக்கட்டில் எத்தனை எலும்புகள் உருவாகியிருக்கின்றன என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் விஷயங்கள். மனிதக் கண்ணுக்குத் தெரிவதை இயந்திரமும் கற்றுக்கொண்டது.

முடக்குவாதத்திலும் அப்படி ஒரு முயற்சி நடந்தது. எங்கள் துறையில் ஷார்ப், வான் டெர் ஹைடு என்ற இருவரின் பெயரால் வழங்கும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு கையிலும் 16 இடங்களில் எலும்பு அரிப்பையும் 15 இடங்களில் மூட்டு இடைவெளி குறைந்திருப்பதையும் தனித்தனியே பார்த்து, பாதங்களுக்கும் அவ்வாறே செய்து, எல்லாவற்றையும் கூட்டினால் அதிகபட்சம் 448 வரும். ஒரு நோயாளிக்கு இதைச் சரியாகப் போட்டு முடிப்பதற்குள் கண் களைத்துவிடும். இரண்டு மருத்துவர்கள் போட்டால் இரண்டு எண்கள் வரும். ஆகவே இந்தக் கணக்கை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க 'டிரீம்' என்ற ஆய்வுக் கூட்டமைப்பு ஒரு பொதுப் போட்டி நடத்தி, 2022-ல் முடிவுகள் வெளிவந்தன. 562 நோயாளிகளின் 674 படத் தொகுப்புகள் அதற்குப் பயன்பட்டன. சேதத்தை அளப்பதில் மென்பொருள்கள் நம்பிக்கை தரும் அளவுக்குத் தேறின. இங்கே நீங்களும் தம்பியும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 562 பேருக்கும் முடக்குவாதம் இருப்பது முன்பே தெரியும். 'இவருடைய எலும்பு எவ்வளவு கெட்டிருக்கிறது' என்பதே இயந்திரத்திடம் கேட்கப்பட்ட கேள்வி. 'விரல் வீங்கி வந்திருக்கும் இந்த அம்மாவுக்கு நோய் தொடங்கியிருக்கிறதா' என்பது முற்றிலும் வேறு கேள்வி. அதற்கான விடையில் பாதிக்கு மேல் எக்ஸ்ரேக்கு வெளியே இருக்கிறது. காலை விறைப்பு ஒன்றரை மணி நேரம் என்பது எந்த எக்ஸ்ரேயில் பதியும்? அழுத்தினால் எந்த மூட்டில் வலிக்கிறது என்பதைப் படம் எப்படிச் சொல்லும்?

92 சதவீதம் என்ற எண்ணையும் இப்படியே பார்க்க வேண்டும். அம்மாவுக்கு நோய் இல்லாமலிருக்க 100-க்கு 92 வாய்ப்பு என்று அதற்குப் பொருளில்லை. தான் படித்த பயிற்சிப் படங்களில் இயல்பு என்று பெயரிடப்பட்டவற்றோடு இந்தப் படம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு இயந்திரம் தன்னளவில் போட்டுக்கொண்ட மதிப்பெண்ணாகவே பெரும்பாலும் அது இருக்கும். அந்தப் பயிற்சிப் படங்கள் யாருடைய கைகள், எந்த நாட்டில் எடுத்தவை, இயல்பு என்று முடிவு செய்தது யார் என்று செயலி உங்களிடம் சொன்னதா? 24 வருடம் கொட்டை உடைத்த கையின் கட்டைவிரல் அடிமூட்டில் தேய்மானம் வந்திருக்கலாம். அது முடக்குவாதத்திலிருந்து வேறானது. இரண்டும் ஒரே கையில் சேர்ந்தும் இருக்கலாம். தேய்மானம் பெரும்பாலும் விரல் நுனிக்கு அருகிலுள்ள மூட்டிலும் கட்டைவிரல் அடியிலும் வரும். முடக்குவாதம் நுனி மூட்டைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டையும் நடு மூட்டையும் மணிக்கட்டையும் இரு கைகளிலும் பிடிக்கும். சாம்பல் தொட்டுத் தொட்டு, கொட்டை எண்ணெயால் கறுத்துப்போன கையைப் பார்த்ததும் 'இது வேலையால் வந்த வலி' என்று சொல்லிவிடுவது மனிதர்களுக்கும் எளிது. அம்மாவின் மருத்துவர் அப்படிச் சொல்லி அனுப்பாமல் ஒவ்வொரு மூட்டாக எண்ணியிருக்கிறார் என்பதை நினைத்து எனக்கு மகிழ்ச்சி.

போனில் எடுத்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று மாலை, எலும்பு அரிப்பு உறுதியாகத் தெரிந்த ஒரு பழைய கை எக்ஸ்ரேயை எடுத்து, வீடுகளில் செய்வதுபோலவே ஜன்னலுக்கு நேரே பிடித்துப் போனில் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிப் பார்த்தேன். நடுவிரலின் அடி மூட்டில், எலும்பின் ஓரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பள்ளம் அசல் படத்தில் இருக்கிறது. போனில் வந்த படத்தில் ஜன்னல் கம்பியின் நிழல் அந்த மூட்டின் மேல் விழுந்து, பள்ளம் இருந்த இடம் சாம்பல் நிறமாகக் கரைந்துபோயிருந்தது. கணினியில் நாங்கள் பார்க்கும் டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை பெரும்பாலும் 4,096 சாயல்கள் வரை இருக்கும். அனுப்பப்பட்ட போன் படத்தில் 256 தான், அதுவும் சுருக்கப்பட்டது. கண் தேர்ந்த மருத்துவரிடம் அந்தப் போன் படத்தை மட்டும் கொடுத்தாலும் அவர் இயல்பு என்றுதான் எழுதியிருப்பார். படத்தில் பதியாததை எந்த இயந்திரமும் படித்துச் சொல்ல முடியாது. பதிந்திருந்தாலும், ஓரிடத்துப் படங்களில் கற்றது இன்னோரிடத்தில் தடுமாறுவதுண்டு. மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பயிற்றுவித்த ஒரு மென்பொருள், படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதையும் அடையாளம் கண்டு அதன் துணையோடு பதில் சொல்லியிருக்கிறது என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வேறு மருத்துவமனையின் படங்களைக் கொடுத்தபோது அதன் திறன் குறைந்தது.

என்னுடைய தவறு ஒன்றையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், விரல் வீக்கத்தோடு வந்த ஒரு பெண்ணின் கை எக்ஸ்ரேயைப் பார்த்து 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று எழுதினேன். கைகளைப் பொறுத்தவரை அது சரிதான். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஏழு மாதம் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. பிறகு வேறொருவர் பாதத்தையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி அனுப்பியபோது, சுண்டுவிரலின் அடி மூட்டில் எலும்பு அரித்திருந்தது. முடக்குவாதம் பல பேருக்குக் காலின் சுண்டுவிரல் அடியிலேயே முதல் தடத்தைப் பதிக்கும் என்பது எனக்குத் தெரிந்த பாடம். அதை அந்தச் சீட்டில் ஒரு வரியாக எழுதியிருக்க வேண்டும். அன்றிலிருந்து, முடக்குவாதம் என்ற சந்தேகத்தோடு வரும் ஒவ்வொரு கைக்கும் 'படம் இயல்பாக இருந்தாலும் தொடக்க நிலை நோயை இது விலக்காது. பாதங்களையும் பார்ப்பது நல்லது' என்று சேர்த்தே எழுதுகிறேன். அந்தச் செயலி உங்களுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பெரும் வருத்தம்.

இயந்திரக் கற்றலால் அம்மாவுக்குப் பயனே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு இடங்களில் அது உண்மையாகவே கை கொடுக்கும். ஒன்று, ஆண்டுக்கு ஆண்டு எடுக்கும் படங்களை ஒப்பிடுவது. போன வருடம் இருந்த மூட்டு இடைவெளி இந்த வருடம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னமளவு குறைந்திருக்கிறதா என்பதைச் சலிக்காமல் ஒரே அளவுகோலால் அளக்கும் திறன், ஒரு நாளில் நூறு படம் பார்க்கும் மனிதக் கண்ணைவிட நன்கு பயிற்றுவித்த மென்பொருளுக்கு வாய்க்கும். மற்றொன்று அல்ட்ராசவுண்ட். மூட்டுச் சவ்வு தடித்திருப்பதையும், டாப்ளர் முறையில் அதற்குள் ரத்தம் மிகுதியாகப் பாய்வதையும் அல்ட்ராசவுண்டில் நேரடியாகப் பார்க்கலாம், எம்.ஆர்.ஐ.யில் எலும்புக்குள் நீர் கோத்திருப்பதுகூடத் தெரியும். அல்ட்ராசவுண்டில் சவ்வழற்சியை 0 முதல் 3 வரை தரம் பிரிக்க மென்பொருளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். டென்மார்க்கில் நோயாளியின் கையைத் தானே ஸ்கேன் செய்து தரம் பிரிக்கும் ரோபோ ஒன்றையும் உருவாக்கியிருக்கிறார்கள். இங்கே விடை படத்துக்குள் இருக்கிறது. ஆகவே இயந்திரத்திடம் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. விரல் மூட்டுக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்கப் பழகியவர்கள் எல்லா ஊரிலும் இல்லாத நிலையில், மலையோரத்திலிருந்தும் கடலோரத்திலிருந்தும் நாகர்கோவிலுக்குப் பேருந்து பிடித்து வரும் பெண்களுக்கு இப்படிப்பட்ட கருவிகள் அருகிலேயே கிடைக்கும் நாள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மீண்டும் மீண்டும் எக்ஸ்ரே எடுத்தால் கதிர்வீச்சு சேராதா என்ற பயம் அம்மாவுக்கு இருக்கலாம். கதிர்வீச்சை மில்லி சீவெர்ட் என்ற அலகால் அளக்கிறோம். ஒரு கை எக்ஸ்ரேயில் கிடைப்பது ஒரு மில்லி சீவெர்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. உலகச் சராசரியாக ஒருவர் இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு 2.4 மில்லி சீவெர்ட் பெறுகிறார் என்பதால், இது சில மணி நேரத்தில் தானாகவே வந்து சேரும் அளவு. மணவாளக்குறிச்சிபோல், இயற்கையாகவே கதிர்வீச்சு தரும் மோனசைட் மணல் உள்ள நம் கடலோரத்தில் அந்த இயற்கை அளவே இன்னும் அதிகம்.

ஆர்.எஃப். நெகட்டிவ் என்பதிலும் நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். ஆன்டி சி.சி.பி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையை இன்னும் செய்யவில்லை என்றால் அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய்க்கும் கொடுக்கும் மருந்துதான். பக்கத்து வீட்டார் சொன்னது பொய்யில்லை. ஆனால் அங்கே கொடுக்கும் அளவு மிகப் பெரிது. மூட்டு நோய்க்கு வாரம் ஒருமுறை சிறிய அளவில் கொடுக்கிறார்கள், உலகெங்கும் இந்த நோய்க்கு முதல் மருந்தாகப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது. அதில் உண்மையாகப் பயப்பட வேண்டியது ஒன்றுண்டு: வாரத்துக்கு ஒருநாள் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு தினமும் போட்டுவிடுவது. அது உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை மாத்திரை அட்டையின் மேல் பெரிய எழுத்தில் எழுதி, அந்தப் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். உடன் தரும் ஃபோலிக் அமில மாத்திரையை விட்டுவிடாமல், கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை மருத்துவர் சொல்லும் நாளில் செய்துவிடுங்கள். மஞ்சள் காமாலை முன்பு வந்திருந்தால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தம்பிக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவ மென்பொருளும் இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளுக்குள் வருகிறது. அந்தச் செயலி மருத்துவக் கருவியாக அனுமதி பெற்றதா, எந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காக அனுமதி பெற்றது, போனில் எடுத்த படத்தை அது ஏற்கலாமா என்ற மூன்றையும் அவர் தேடிப் பார்க்கட்டும். கணினி தெரிந்தவர் என்பதால் அவருக்கு அது அரை மணி நேர வேலை. அம்மாவின் பெயரும் வயதும் எக்ஸ்ரேயின் மூலையில் அச்சாகியிருக்கும். தெரியாத செயலியில் அதை இனி ஏற்ற வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எக்ஸ்ரே பிலிமையும், எடுத்த இடத்தில் கேட்டால் கிடைக்கும் குறுந்தகட்டையும் கையோடு கொண்டுபோங்கள். பாதங்களுக்கும் எக்ஸ்ரே எடுக்கலாமா, விரல் மூட்டுகளுக்கு டாப்ளரோடு அல்ட்ராசவுண்ட் பார்க்க வழி உண்டா என்று கேளுங்கள். செலவு தாங்காது என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் புறநோயாளிப் பிரிவில் இந்தச் சீட்டுகளைக் காட்டுங்கள். அதுவரை, ஏழு நாளைக்கு அம்மா எழுந்த நேரத்தையும், சாயா கிளாஸை முழுக் கையால் பிடிக்க முடிந்த நேரத்தையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை அறிய, மூன்று மாதம் கழித்து அதே தாளில் இன்னும் ஏழு நாள் எழுதிப் பாருங்கள்.